குழந்தைகளின் லுக்கேமியாவில் பி.ஏ.எஸ். சாயம்: ஸ்மியர் எடுப்பதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது தீவிர லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய்; சுருக்கமாக ஏ.எல்.எல். இந்த நோயின் பிளாஸ்ட் செல்களில் (முதிராத வெள்ளணு முன்னோடிகளில்) பலவற்றின் சைட்டோபிளாசத்தில் கிளைக்கோஜன் கட்டிகட்டியாகத் தேங்கியிருக்கும். பெர்அயோடிக் அமிலமும் ஷிஃப் கரைசலும் கொண்டு சாயமேற்றினால் அந்தக் கட்டிகள் அடர் மெஜந்தா நிறத்தில் தெரியும். இதுதான் பி.ஏ.எஸ். சாயம்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் சில ஆய்வுக் குழுக்கள் இந்த நிறத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, மதிப்பெண் கூடிய குழந்தைகளுக்கு நோய் தணிந்திருக்கும் காலம் நீள்கிறது என்று எழுதின. வேறு சில குழுக்களுக்கு அப்படி எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. முரண்பாட்டுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, சாயமேற்றும் முறையும் எண்ணும் முறையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. மற்றது இன்னும் முக்கியமானது. கட்டிகளாக நிறமேறுவது முன்னோடி பி-செல் வகையில் அதிகம். டி-செல் வகையில் அது குறைவு. அந்த வகையில் குழந்தையின் வயதும் வெள்ளணு எண்ணிக்கையும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதாவது, சாயத்தின் பெயரில் அளக்கப்பட்டது பெருமளவுக்கு செல் வகையும் வெள்ளணு எண்ணிக்கையும்தான். அவற்றைத் தனியே கணக்கில் எடுத்து, சிகிச்சையும் தீவிரமானபின் பி.ஏ.எஸ். மதிப்பெண்ணுக்குத் தனி முன்கணிப்பு மதிப்பு நிலைக்கவில்லை.

பிறகு எதற்கு இந்த வழிகாட்டி? செல்லின் வகையை அதன் புரதக் குறிகளால் இனங்காணும் ஓட்ட சைட்டோமெட்ரியின் முடிவு வரத் தாமதமாகும் இடங்களில் முதல் நாளே நோயின் திசையைக் காட்ட இந்தச் சாயம் இன்றும் உதவுகிறது. மேலும், சாயமேற்றிய ஸ்லைடில் எண்ணிப் பெறும் வேறு இரண்டு அளவுகள், 8-ஆம் நாள் இரத்த பிளாஸ்ட் எண்ணிக்கையும் தண்டுவட நீரின் நிலையும், இன்றும் குழந்தையின் சிகிச்சைத் தீவிரத்தை மாற்றும் வலிமை உள்ளவை. இவற்றைத் தவறாக எண்ணினால் ஒரு குழந்தைக்குத் தேவைக்கு மேல் நச்சு மருந்து போகும், அல்லது தேவையான மருந்து போகாது.

மாதிரி எடுக்கும்போது

எல்லாவற்றுக்கும் முந்தைய விதி: ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். காய்ச்சலுக்கோ மூட்டுவலிக்கோ ஓரிரு நாள் ஸ்டீராய்டு பெற்ற குழந்தையின் இரத்தத்தில் பிளாஸ்ட் செல்கள் வேகமாகக் குறைந்துவிடும். தொடக்க வெள்ளணு எண்ணிக்கை என்ற மிக முக்கியமான எண் அத்துடன் தொலைந்துபோகும். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால், எத்தனை நாள், என்ன அளவு என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எலும்பு மஜ்ஜையை உறிஞ்சிய உடனே, முதல் சில துளிகளில் குறைந்தது 8 முதல் 10 ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிய பூச்சு) போடுங்கள். பி.ஏ.எஸ்.-க்கு 3, மைலோபெராக்சிடேஸுக்கு (மைலாய்டு வரிசை வெள்ளணுக்களின் நொதியைக் காட்டும் சாயம்) 2, செல் வடிவம் பார்க்கும் லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயத்துக்கு 2. மீதியைச் சாயமேற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். உறைவதைத் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயிலிருந்து போடுவதென்றால் 2 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். தாமதித்தால் செல் சிதையும், சைட்டோபிளாசத்தில் ஓட்டைகள் தோன்றும். அந்த ஓட்டைகளை நோயின் குணம் என்று தவறாகப் படிக்க நேரிடும்.

ஸ்மியரை விசிறியின் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். வெப்பம் காட்ட வேண்டாம். அரைகுறையாக உலர்ந்த ஸ்மியரில் செல்கள் சுருங்கிக் கறுத்துவிடும். அதில் பிளாஸ்டையே அடையாளம் காண முடியாது. மாவு தடவிய கையுறையைத் தவிர்த்துவிடுங்கள். மாவுத் துகள் ஸ்டார்ச்; அதுவும் மெஜந்தாவாக நிறமேறும்.

கரைசல்கள்

நிலைநிறுத்தும் கரைசல்: ஃபார்மலின் (40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல்) 10 மி.லி., 95 சதவீத எத்தனால் 90 மி.லி. கிளைக்கோஜன் நீரில் கரையக்கூடியது என்பதால் ஆல்கஹால் கலந்த கரைசல்தான் பாதுகாப்பு. குளூட்டரால்டிஹைடு வேண்டாம். அது தன் ஆல்டிஹைடுகளைச் செல்லிலேயே விட்டுச்செல்லும். ஷிஃப் அவற்றோடும் சேர்ந்து ஸ்லைடு முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும்.

பெர்அயோடிக் அமிலம் 1 சதவீதம்: 1 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பழுப்புக் குப்பியில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குப்பியில் தயாரித்த தேதியை எழுதுங்கள். பழைய அமிலம் பார்வைக்கு மாறுவதில்லை. ஆனால் வலிமை இழந்திருக்கும்.

ஷிஃப் கரைசல்தான் இந்த முறையின் உயிர். அதை அவசரமில்லாமல் தயாரியுங்கள்:

1. காய்ச்சி வடித்த நீர் 200 மி.லி.-ஐக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்குங்கள். இறக்கியபிறகுதான் பேசிக் ஃபுக்சின் 1 கிராமைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். கொதிக்கும்போது தூவினால் பொங்கி வழியும். 5 நிமிடம் கலக்குங்கள்.
2. 50 டிகிரி செல்சியஸுக்கு ஆறியதும் வடிகட்டுங்கள்.
3. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி. சேருங்கள்.
4. 25 டிகிரிக்கு ஆறியதும் சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 1 கிராம் சேருங்கள். சூடாக இருக்கும்போது சேர்த்தால் கந்தக டையாக்சைடு வெளியேறி வீணாகும்; கரைசல் நிறமிழக்காது. இந்தக் கட்டத்தைப் புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விலகி நிற்பது நல்லது.
5. இறுக மூடி, இருட்டில் ஓர் இரவு வையுங்கள். கரைசல் வைக்கோல் நிறத்துக்கு வரும்.
6. ஆக்டிவேட்டட் சார்கோல் 2 கிராம் சேர்த்து 1 நிமிடம் குலுக்கி, உடனே வடிகட்டுங்கள். நிறமற்ற அல்லது மிக வெளிர்ந்த திரவம் கிடைக்க வேண்டும். பழுப்புக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி 4 டிகிரியில் வையுங்கள்.

ஃபுக்சின் வாங்கும்போது ஷிஃப் தயாரிக்க ஏற்றது என்று குறிக்கப்பட்டதை, முடிந்தால் பாராரோசானிலினை, வாங்குங்கள். மலிவான ஃபுக்சினில் கலந்திருக்கும் பிற சாயங்கள் சார்கோலுக்கும் அடங்காமல் கரைசலை மஞ்சளாகவே வைத்திருக்கும். தூளைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: 10 மி.லி. ஃபார்மலினில் சில துளி ஷிஃப் விடுங்கள். உடனே செவ்வூதாவாக மாறினால் கரைசல் நன்றாக இருக்கிறது. நிறம் தாமதமாக வந்து, நீலம் கலந்த ஊதாவாக இருந்தால் கரைசல் கெட்டுக்கொண்டிருக்கிறது. குப்பியிலேயே கரைசல் இளஞ்சிவப்பாகியிருந்தால் சோதனையே தேவையில்லை, கொட்டிவிடுங்கள்.

சாயமேற்றும் படிகள்

நோயாளியின் ஸ்லைடு இரண்டோடு, நலமான ஒருவரின் இரத்த ஸ்மியர் ஒன்றையும் சேர்த்தே ஓட்டுங்கள். நோயாளியின் ஸ்லைடுகளில் ஒன்று டயஸ்டேஸ் (கிளைக்கோஜனைச் செரிக்கும் நொதி) சோதனைக்கு.

1. நிலைநிறுத்தும் கரைசலில் 10 நிமிடம். ஓடும் குழாய் நீரில் மென்மையாகக் கழுவி உலர்த்துங்கள்.
2. சோதனை ஸ்லைடை மட்டும் 0.1 சதவீத டயஸ்டேஸ் கரைசலில் 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் கழுவுங்கள்.
3. எல்லா ஸ்லைடுகளையும் பெர்அயோடிக் அமிலத்தில் 10 நிமிடம் வையுங்கள். இந்த அமிலம் கிளைக்கோஜனின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகளை உடைத்து ஆல்டிஹைடாக மாற்றுகிறது. நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நீட்டினால் ஆல்டிஹைடும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மங்கும், பின்னணியும் நிறமேறும்.
4. காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் ஷிஃப் கரைசலை ஜாடிக்குள்ளேயே நிறமாக்கிவிடும்.
5. ஷிஃப் கரைசலை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்து அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். மூடிய கோப்ளின் ஜாடியில், இருட்டில் 30 நிமிடம். குளிர்ந்த கரைசலை அப்படியே ஊற்றுவதுதான் மங்கலான ஸ்லைடுக்கு அடிக்கடி காரணமாகிறது.
6. ஓடும் குழாய் நீரில் 10 நிமிடம். நிறம் முழுமையாக எழுவது இங்கேதான். 2 நிமிடத்தில் எடுத்துவிடாதீர்கள்.
7. ஹீமடாக்சிலினில் உட்கரு வெளிர்நீலமாகும்வரை மட்டும் வையுங்கள். கரைசலின் வகையைப் பொறுத்து 1 முதல் 5 நிமிடம் ஆகலாம். கழுவி, உலர்த்தி, மேல்கண்ணாடி பொருத்துங்கள்.

ஹீமடாக்சிலினில் கை தாராளமானால் சிக்கல். ஏ.எல்.எல். பிளாஸ்டில் சைட்டோபிளாசம் ஒரு மெல்லிய வளையம்தான். உட்கரு அடர்ந்துவிட்டால் அதன் மேல் கிடக்கும் நுண்மணிகள் கண்ணில் படாது.

முதலில் கட்டுப்பாட்டு ஸ்லைடு

நோயாளியின் ஸ்லைடைத் தொடுமுன் நலமானவரின் ஸ்மியரைப் பாருங்கள். முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் சைட்டோபிளாசம் முழுக்கப் பளிச்சென்று நிறமேறியிருக்க வேண்டும். தட்டணுக்களும் நிறமேறும். சிவப்பணுக்கள் நிறமற்றே இருக்கும். நியூட்ரோஃபில் மங்கலாக இருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நிராகரியுங்கள். நோயாளியின் பிளாஸ்ட் எதிர்மறை என்று எழுதும் உரிமை அன்று உங்களுக்கு இல்லை.

சிவப்பணுக்களும் பின்னணியும் இளஞ்சிவப்பாக இருந்தால் ஷிஃப் கரைசல் கந்தக டையாக்சைடை இழந்திருக்கிறது, அல்லது 4-ஆம் படியில் கழுவியது போதவில்லை. டயஸ்டேஸ் ஸ்லைடில் கட்டிகள் மறைந்திருக்க வேண்டும். மறையாதவை கிளைக்கோஜன் அல்ல. அவை கிளைக்கோபுரதமாக இருக்கலாம், கையுறை மாவாகக்கூட இருக்கலாம். மாவுத் துகளை முனைவுற்ற ஒளியில் பார்த்தால் சிலுவை வடிவம் தெரியும்.

எண்ணுவதும் மதிப்பெண் இடுவதும்

எண்ணெய் லென்ஸில், செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத பகுதியில் 200 பிளாஸ்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை: நிறமே இல்லையென்றால் 0, சில நுண்மணிகள் 1, பல நுண்மணிகள் 2, பருத்த மணிகள், ஓரிரு சிறு கட்டிகள் 3, பெரிய கட்டி அல்லது உட்கருவைச் சுற்றி வளையமாகக் கட்டிகள் 4.

கணக்கு இப்படி: 200 செல்களில் 90 செல்களுக்கு 0, 50-க்கு 1, 30-க்கு 2, 20-க்கு 3, 10-க்கு 4 என்றால், 50 + 60 + 60 + 40 = 210. இதை 2-ஆல் வகுத்தால் 100 செல்களுக்கான மதிப்பெண் 105. நிறமேறியவை 55 சதவீதம். மதிப்பெண் 0-க்கும் 400-க்கும் இடையில் அமையும். பெயர் மறைத்த ஸ்லைடை இன்னொருவரும் எண்ணட்டும். இருவர் எண்ணிக்கைக்கும் இடையே ஓரளவு வேறுபாடு இயல்பே: உண்மையில் 50 சதவீதம் இருக்கும்போது 200 செல்களை எண்ணினால் தற்செயலாகவே 7 சதவீதம் மேலோ கீழோ போகலாம், 100 செல்களோடு நிறுத்தினால் 10 சதவீதம்.

பிளாஸ்டின் மேல் ஒரு தட்டணு ஒட்டியிருந்தால் அசல் கட்டியைப் போலவே தோன்றும். நுண்திருகைச் சற்றே அசைத்துப் பாருங்கள். தட்டணு வேறு தளத்தில் தெளிவாகும், அதைச் சுற்றி ஒரு வெளிர்வளையமும் தெரியும். சந்தேகமான செல்லை எண்ணாமல் விட்டுவிடுங்கள்.

எத்தனை என்பதைவிட எப்படி நிறமேறியிருக்கிறது என்பதே எங்கள் கணிப்பில் பெரிய செய்தி. தெளிந்த, நிறமற்ற சைட்டோபிளாசத்தில் தனித்தனிக் கட்டிகள் நின்றால் லிம்பாய்டு (லிம்போசைட் வரிசை) பக்கம் சாய்கிறது. சைட்டோபிளாசமே மெல்லிய இளஞ்சிவப்பாகப் பரவி, அதில் நுண்மணிகள் தூவியிருந்தால் மைலாய்டு அல்லது மோனோசைட் வரிசையை நினையுங்கள். கருவுள்ள சிவப்பணு முன்னோடிகளில் கட்டியாக நிறமேறினால் எரித்ராய்டு லுக்கேமியாவும் பட்டியலில் வரும். தலசீமியாவிலும் இரும்புச்சத்துக் குறைவிலும்கூட இப்படிக் காணலாம். கருநீலச் சைட்டோபிளாசமும் ஏராளமான ஓட்டைகளும் கொண்ட பர்கிட் வகையில் பி.ஏ.எஸ். பொதுவாக எதிர்மறை, அந்த ஓட்டைகளில் இருப்பது கொழுப்பு, ஆயில் ரெட் ஓ அதைக் காட்டும்.

எந்த நிலையிலும் பி.ஏ.எஸ்.-ஐத் தனித்துப் படிக்காதீர்கள். மைலோபெராக்சிடேஸ் அல்லது சூடான் பிளாக் பி சாயம் 3 சதவீதத்துக்கும் குறைவான பிளாஸ்டுகளில் மட்டும் தெரிவது ஏ.எல்.எல்.-க்குப் பொருந்தும். ஆனால் மைலாய்டு லுக்கேமியாவின் சில வகைகளிலும் அது குறைவாகவே இருக்கும் என்பதால் முடிவு சொல்ல ஓட்ட சைட்டோமெட்ரி வேண்டும். மைலோபெராக்சிடேஸ் ஒரு நொதி. பழைய ஸ்மியரில் செயலிழந்துவிடும். சூடான் பிளாக் பழைய ஸ்மியரையும் தாங்கும். பிளாஸ்டுகளில் கட்டுக்கட்டாக ஆயர் தண்டுகள் (சைட்டோபிளாசத்தில் ஊசிபோலத் தெரியும் தண்டுகள்) தெரிந்தால், அது புரோமைலோசைட் வகை லுக்கேமியா. இரத்தக்கசிவு அபாயம் உள்ள அவசரநிலை. எழுதிக்கொண்டிருக்காமல் தொலைபேசியை எடுங்கள்.

இன்றும் முன்கணிப்பைத் தீர்மானிக்கும் இரண்டு ஸ்லைடுகள்

8-ஆம் நாள் இரத்த ஸ்மியர் முதலாவது. பெர்லின்–ஃபிராங்க்ஃபர்ட்–மூன்ஸ்டர் வகைச் சிகிச்சைத் திட்டங்களில் குழந்தைக்கு 7 நாள் பிரெட்னிசோனும் தண்டுவட நீரில் ஒரு முறை மீத்தோட்ரெக்சேட்டும் கொடுத்தபின், 8-ஆம் நாள் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பிளாஸ்டுகளை எண்ணுவார்கள். மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே என்றால் நல்ல பதில். 1,000 அல்லது அதற்கு மேல் என்றால் மோசமான பதில், குழந்தை அபாயம் கூடிய பிரிவுக்கு மாறி, இன்னும் தீவிரமான மருந்துத் திட்டம் பெறலாம்.

இதற்கு லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் போதும். ஆனால் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. வெள்ளணு 4,800, பிளாஸ்ட் 16 சதவீதம் என்றால் பெருக்கி வருவது 768. 100 செல்கள் மட்டும் எண்ணிய 16 சதவீதம் உண்மையில் 9-ஆகவோ 23-ஆகவோ இருக்கலாம். அதாவது 430 முதல் 1,100 வரை. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் குழந்தை நிற்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 400 செல்களை எண்ணினால் வரம்பு ஏறக்குறைய 600 முதல் 940-க்குள் ஒடுங்கும், அப்போது சொல்லலாம். கருவுள்ள சிவப்பணுக்கள் இருந்தால் இயந்திரம் தந்த வெள்ளணு எண்ணிக்கையை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தண்டுவட நீரின் சைட்டோஸ்பின் ஸ்லைடு (நீரைச் சுழற்றி, அதிலுள்ள செல்களை ஸ்லைடில் படியவைப்பது). பிளாஸ்ட் இல்லையென்றால் நிலை 1. மைக்ரோலிட்டருக்கு 5-க்கும் குறைவான வெள்ளணுக்கள், ஆனால் பிளாஸ்ட் உண்டு என்றால் நிலை 2. 5 அல்லது அதற்கு மேல், பிளாஸ்டும் உண்டு என்றால் நிலை 3. தண்டுவட நீரில் செல்கள் வெகு வேகமாகச் சிதையும். மாதிரி வந்த அரை மணி நேரத்துக்குள் சுழற்றிவிடுங்கள், ஒரு துளி அல்புமின் சேர்த்தால் செல்கள் வடிவம் காக்கும். எண்ணிக்கை குறைவு என்பதற்காகச் சைட்டோஸ்பினைத் தவிர்க்கவே கூடாது. நிலை 2 என்பதே அந்தக் குறைவான எண்ணிக்கைக்குள் ஒளிந்திருப்பதுதான். சிவப்பணு மைக்ரோலிட்டருக்கு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஊசி குத்தியபோது இரத்தம் கலந்திருக்கிறது என்று தனியே குறியுங்கள்.

மதிப்பெண்ணை எங்கே வைப்பது

முன்னோடி பி-செல் ஏ.எல்.எல்.-இல் அபாயப் பிரிவுக்கு இன்று அடிப்படையானவை வேறு. வயது 1 முதல் 10-க்குள், தொடக்க வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் கீழே என்றால் நிலையான அபாயம். இது 1993-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை. அதன்மேல் மரபணு மாற்றங்கள் வருகின்றன. இடிவி6–ரன்எக்ஸ்1 இணைவும் 50-க்கு மேற்பட்ட குரோமோசோம்களும் நல்ல அறிகுறிகள். கேஎம்டி2ஏ மாற்றம், பிசிஆர்–ஏபிஎல்1 இணைவு, 44-க்கும் குறைவான குரோமோசோம்கள் ஆகியவை அபாய அறிகுறிகள். எல்லாவற்றையும் மிஞ்சுவது, முதல் கட்டச் சிகிச்சை முடிவில் எஞ்சிய நோயின் அளவு. 10,000 செல்களில் 1 என்பதே பல திட்டங்களில் எல்லைக்கோடு. நுண்ணோக்கியில் இந்த அளவு தெரியவே தெரியாது. மஜ்ஜை முற்றிலும் சுத்தமாகத் தோன்றும்போதும் அது இருக்கலாம்.

ஆகவே அறிக்கையில் பி.ஏ.எஸ். பற்றி எழுத வேண்டியது: எத்தனை பிளாஸ்டுகள் எண்ணப்பட்டன, நிறமேறிய சதவீதம், மதிப்பெண், நிறமேறிய விதம், கட்டுப்பாட்டு ஸ்லைடின் நிலை, டயஸ்டேஸ் முடிவு, மைலோபெராக்சிடேஸ் சதவீதம். “கட்டி வடிவில் நிறமேற்றம், லிம்பாய்டு வரிசைக்குப் பொருந்துகிறது, ஓட்ட சைட்டோமெட்ரியால் உறுதிசெய்யவும்” என்பதோடு நிறுத்துங்கள். “நல்ல முன்கணிப்பு” என்ற சொல் இந்த ஸ்லைடின் பேரில் அறிக்கையில் ஏறக்கூடாது. பெற்றோர் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

சாயமேற்றாமல் ஒதுக்கிய ஸ்மியர்களை உலர்ந்த நிலையில், படலத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உறையவைத்துப் பாதுகாத்து, எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மஜ்ஜை மீண்டும் கிடைக்காத நிலையில், அவற்றிலிருந்தே ஃபிஷ் எனும் ஒளிரும் டி.என்.ஏ. குறிகள் கொண்ட சோதனை செய்து மரபணு இணைவைத் தேட முடியும்.